எத்தனை வருடத்துக்கான கம்பி

ஊர்காவற்றுறை,
12.01.2025

அன்பின் எமில் அண்ணைக்கு,

"எத்தினை வருசத்துக்குப் பாக்கிறியள், ரீச்சர்?" என்று பைப் வேலை செய்கிற தர்சன் நேற்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கும்போதும் தெரிந்திருக்கப் போவதில்லை. அதனால் கேள்வியை உங்கள் பக்கம் தள்ளிவிடுகிறேன்.

முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். அம்மா சுகமாக இருக்கிறார். எண்பத்திரண்டு வயதுக்கும் சீனி வருத்தத்துக்கும் எது சுகமோ அது. முழங்கால் நோ பழையபடிதான். எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் காது எப்படி? புதுக் கருவி போட்டும் தொலைபேசியில் பாதிதான் விளங்குகிறது என்று உங்கள் மகள் ஜொய்சி சொன்னாள். வட்ஸப்பில் எழுதினால் கைகூப்பும் படம் ஒன்றோடு முடித்துவிடுகிறீர்கள். ஆகவே மின்னஞ்சலில் முறையாக ஒரு கடிதம்.

விடயம் நீங்கள் இரண்டு வருடத்துக்கு முன் அனுப்பிய கீசர். அம்மாவுக்கு இப்போது, நான் வந்து இருக்கும்போது எனக்கு என்று சொல்லி அனுப்பினீர்கள். டிசம்பரில் நத்தாருக்குப் பிறகு அதிலிருந்து வரும் தண்ணீர் அழுகின முட்டை போல மணக்கத் தொடங்கியது. தர்சன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து திறந்தார். தொட்டிக்குள் மேலிருந்து கீழாக ஒரு கம்பி தொங்கும். தொட்டியின் இரும்பு கரையாமல் இருக்க, அதற்கு முந்தி இந்தக் கம்பி கரைய வேண்டும். பாடப்புத்தகத்தில் இதற்குத் தியாக அனோட்டு என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்ததில்லை. உலோகத்துக்குத் தியாகம் தெரியாது. முந்திக் கரையக்கூடியது முந்திக் கரைகிறது. பெருவிரல் தடிப்பில் இருந்திருக்க வேண்டிய மகனீசியம் முழுவதும் போய், அதன் நடுக்கம்பி மட்டும் குடைக்கம்பி போல வெளியே வந்தது.

"உங்கட தண்ணிக்கு இது ஐஸ்பழம் மாதிரி," என்றார் தர்சன். எங்கள் கிணற்றின் உவர் உங்களுக்கு மறந்திருக்காது.

திரும்பவும் மகனீசியம் போடலாம். நன்றாகக் காக்கும், ஆனால் வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் தொட்டியைத் திறந்து பார்த்து மாற்ற வேண்டும். அலுமினியம் என்றால் மூன்று நான்கு வருடம் கிடக்கும், மணமும் குறையும். மின்சாரத்தில் இயங்கும் தைற்றேனியம் ஒன்றும் இருக்கிறதாம். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும். எது நல்லது என்பது இந்த வீட்டில் இனி யார் இருக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஈஸ்டருக்கு வந்து இங்கேயே இருந்துவிடப் போவதாகப் போன வருடம் எழுதினீர்கள். அது இன்னும் அப்படித்தானா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வவுனியாவில் ஒரு கல்வியியற் கல்லூரியில் எனக்கு விரிவுரையாளர் பதவி கிடைத்திருக்கிறது. விண்ணப்பித்ததைச் சொல்லவில்லை, கிடைக்காது என்று நினைத்தேன். மே முப்பதாம் திகதிக்குள் சம்மதம் கொடுக்க வேண்டும். இந்த வயதில் இன்னொருமுறை கூப்பிடமாட்டார்கள். அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போக ஏலாது. நீங்கள் வந்தால் நான் போவேன். வராவிட்டால் போகமாட்டேன். அவ்வளவுதான்.

குளிரில் காதைப் பொத்திக்கொண்டு திரியுங்கள். ஜொய்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சுகந்தி


பேர்கன்,
02.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே நோர்வேயில் நாங்கள் மழையோடு சுகம். போன வியாழக்கிழமை மழை பெய்யவில்லை. சனம் பயந்துபோய் வானத்தைப் பார்த்தது. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு பூச்சு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

விரிவுரையாளரா! அப்பா இருந்திருந்தால் மண்டைதீவு மட்டும் கேட்க வெடி கொளுத்தியிருப்பார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஜொய்சியிடம் சொன்னேன். அவள் கேக் வெட்டினாள்.

கம்பி விடயமாக இங்கே ஒரு கடையில் போய் விசாரித்தேன். அந்தப் பெடியன் பேப்பரில் படம் கீறிக் காட்டினான். சந்தேகமே வேண்டாம், தைற்றேனியத்தைப் போடு. ஒருக்காப் பூட்டினால் இருபது வருடம் யாரும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. வீட்டில் ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அது தன் பாட்டில் வேலை செய்யும். நான் இங்கிருந்தே வாங்கி அனுப்பட்டோ?

கிணற்றை இறைத்தீர்களா? குடிதண்ணீர் பவுசர் லொறி ஒழுங்காக வருகிறதா? பின்வளவுப் பூவரசு நிற்கிறதா? மற்ற விடயங்களை ஆறுதலாகக் கதைப்போம்.

அன்பு அண்ணை,
எமில்


ஊர்காவற்றுறை,
09.02.2025

அன்பின் அண்ணைக்கு,

அம்மாவுக்கு ஒரு கிழமையாகத் தடிமனும் இருமலும், இப்போது இல்லை. பூவரசு நிற்கிறது. பவுசர் வருகிறது. கிணறு இறைத்தாயிற்று. நீங்கள் நிறைய விடயம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது ஒன்று. அது அதற்குள் இல்லை.

தைற்றேனியம் சரிவராது. அதற்கு இரவும் பகலும் மின்சாரம் ஓட வேண்டும். அம்மா மின்னலுக்கு மெயின் சுவிச்சை நிறுத்துவார். கோயிலுக்குப் போகும்போது நிறுத்துவார். வயரில் இரண்டு காகம் சேர்ந்து இருந்தாலும் நிறுத்துவார். ஆளில்லாத வீட்டுக்கு அது நல்லதென்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வீட்டில் ஆள் இல்லாமல் போகும் என்று நான் எழுதவில்லையே.

கம்பிப் பிரச்சினை எப்படியோ தீர்ந்துவிட்டது. சின்னம்மாவின் மகன் அருளப்பு அண்ணை செவ்வாய்க்கிழமை மீன் கொண்டுவந்தார். பழைய நடுக்கம்பி மேசையில் கிடந்தது.

"உதுக்கேன் கொழும்புக்கு ஆள் விடுறீர்? என்ர போட் எஞ்சின் காலில பூட்டியிருக்கிறதும் உதுதானே," என்றார்.

"அது சிங், அண்ணை. துத்தநாகம். அது கடலுக்கு."

"கடல்ல உப்பில்லையோ? இல்லை, உங்கட கிணத்தை விடக் கடல் என்ன நல்ல தண்ணியோ? நீர் பள்ளிக்கூடத்தில எழுதிப் போடுறதைத்தான் நாங்கள் முப்பது வருசமாப் பூட்டிக்கொண்டு ஓடுறம்."

குசினிக்குள் இருந்து அம்மா, "அவனைச் செய்ய விடு. அவன்ர போட் இன்னும் தாழேல்லைத்தானே," என்றார்.

அடுத்த நாள் பின்னேரம் அவர் வளவுக்குப் போனேன். வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிற அதே சட்டியில் தேய்ந்த படகுக் கட்டிகள் மூன்றைச் சிரட்டைக்கரியில் உருக்கினார். ஓர் இரும்புக் குழாய்த் துண்டை மண்ணில் நட்டு, எங்கள் நடுக்கம்பியை அதற்குள் நிறுத்தி, சிந்தாமல் ஊற்றினார். ஆறவிட்டுத் தட்டி எடுத்தபோது பெரிய மெழுகுதிரி போல நேராக இருந்தது. வீட்டுக்கு வந்து மின்னிரசாயனத் தொடரைத் திரும்பவும் பார்த்தேன். துத்தநாகம் இரும்புக்கு மேலேதான் இருக்கிறது. பிழை ஒன்றும் பிடிபடவில்லை. பிழை பிடிபடாத வேலை எனக்கு எப்போதும் ஒரு அந்தரத்தைத் தரும். இருந்தும் சம்மதித்தேன். தர்சன் சிரித்துக்கொண்டு பூட்டினார்.

எனவே கம்பி பற்றி இனி எழுத வேண்டாம். மற்றதை எழுதுங்கள். வருவீர்களா?

சுகந்தி


பேர்கன்,
22.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

பிந்திவிட்டது, மன்னித்துக்கொள். சுகமாகத்தான் இருக்கிறேன். எழுதத் தொடங்குவேன், பிறகு மழை பார்க்கப் போய்விடுவேன்.

விமான ரிக்கற் போட்டாயிற்று! ஏப்ரல் பதினாறு கொழும்பு. பெரிய வியாழன் பூசைக்கு உங்களோடு நிற்பேன். அம்மாவிடம் சொல், எனக்கு ஒடியல் கூழ் வேண்டும், அருளப்புவின் நண்டோடு.

சிங் கம்பி நல்ல யோசனை. முதலில் வந்து வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றபோது படகுகளில் அந்தக் கட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பத்து மணித்தியாலம் ஐசுக்குள் கை வைத்துவிட்டு வந்து சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் விரல்களுக்கு முதலில் சூடா குளிரா என்று தெரியாது. வலி மட்டும் தெரியும். அதற்குப் பிறகுதான் வீட்டில் ஒரு கீசர் இருக்க வேண்டும் என்று பைத்தியம் பிடித்தது.

அம்மா அந்தச் சுடுதண்ணீரில் குளிக்கிறாவா? அதைக் கட்டாயம் எழுது.

எமில்


ஊர்காவற்றுறை,
24.03.2025

அன்பின் அண்ணைக்கு,

இங்கு எல்லாரும் சுகம். மின்னஞ்சல் ஒரு நொடியில் போகும். உங்கள் பதில் நாற்பத்தொரு நாளில் வந்தது. எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அம்மா குளிக்கிறார். நான் காலை ஐந்தரைக்குச் சுவிச்சைப் போட்டுவிடுவேன். முழங்காலுக்கு நல்லதென்று எழுபது பாகையில் வைத்திருக்கிறேன். பத்து மணிபோல் குளிப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது துவாய் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். மணமும் குறைந்த மாதிரி.

ரிக்கற் செய்தி கேட்டதிலிருந்து அம்மா வாசலுக்கும் குசினிக்குமாக நடக்கிறார். நானும் அதைத்தான் செய்கிறேன், வேறு பெயரில். உங்கள் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. அலுமாரிப் பூட்டுக்கு எண்ணெய் விட்டு, மேற்தட்டில் இருந்த என் புத்தகங்களை இறக்கினேன். வவுனியாப் படிவத்தையும் நிரப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போடவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். ரிக்கற் ஒருவழியா, இருவழியா?

சுகந்தி


பேர்கன்,
15.04.2025

அன்புத் தங்கச்சிக்கு,

காதுக்குள் சீழ். விமானத்தில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ரிக்கற்றை மாற்ற வேண்டும். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். அறைக்கு வெள்ளை அடித்தது வீண் என்று நினைக்காதே.

எல்லாருக்கும் ஈஸ்டர் வாழ்த்துகள்.

எமில்


பேர்கன்,
04.05.2025

அன்பான சுகந்தி மாமிக்கு,

நான் ஜொய்சி எழுதுகிறேன். நீங்களும் அப்பம்மாவும் நலமா? நான் இங்கே தமிழ்ப் பாடசாலையில் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். பிழை இருந்தால் சிவப்புப் பேனையை எடுக்க வேண்டாம்.

நீங்கள் அப்பாவுக்கு ஒரு பதிலும் எழுதவில்லை. அவர் ஒவ்வொரு நாளும் கணினியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறார். அதனால் எழுதுகிறேன். அப்பாவின் காதில் சீழ் இல்லை. டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டேன். மாலையில் வேலை முடிந்து வந்தபோது அவர் குசினியில் சப்பாத்தும் மேற்சட்டையும் போட்டபடி உட்கார்ந்திருந்தார். பெட்டி பக்கத்தில் இருந்தது. "பிளேன் போயிட்டுது பிள்ளை," என்று மட்டும் சொன்னார்.

ரிக்கற் இருவழி, மாமி. பதினான்கு நாட்கள். அதை உங்களுக்கு எழுத அவரால் முடியவில்லை. வந்தால் நிரந்தரமாக வர வேண்டும், இல்லாவிட்டால் வர வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் அப்படித்தான் விளங்கி வைத்திருக்கிறார்.

நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியக்கூடாது. அப்பம்மாவுக்கு என் முத்தங்கள்.

ஜொய்சி


ஊர்காவற்றுறை,
18.05.2025

அன்பின் அண்ணைக்கு,

உங்கள் காது குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன். அம்மா சுகம். ஈஸ்டருக்கு நீங்கள் வரவில்லை என்று தெரிந்ததும், கூழுக்கென்று வாங்கிய ஒடியல் மாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

கீசர் முடிந்துவிட்டது. இரண்டு கிழமையாகச் சுடுதண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. போன திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது தொட்டியின் அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தர்சன் வந்து கழற்றி நிலத்தில் வைத்தார். செய்தி கேட்டு அருளப்பு அண்ணையும் ஓடிவந்தார்.

கம்பியை வெளியே எடுத்ததும் நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அது கரையவே இல்லை. ஒரு சாம்பல் தோல் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அருளப்பு அண்ணை கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் வார்த்தது வார்த்தபடி கிடக்கு. தொட்டியெல்லோ கரைஞ்சு போச்சு! இதென்ன விளையாட்டு, சுகந்தி?"

அன்று பின்னேரமே என் பழைய பல்கலைக்கழகக் குறிப்புகளைத் தேடி எடுத்தேன். இருந்தது, மூன்றாம் வருடக் குறிப்பில், என் கையெழுத்தில். குளிர்ந்த தண்ணீரில் துத்தநாகம் கரைந்து இரும்பைக் காக்கும். ஆனால் கிணற்றுத் தண்ணீர் சிலவற்றில், சூடு அறுபது பாகையைத் தாண்டினால், துத்தநாகத்தின் மேல் ஒரு படலம் பிடித்து இரண்டும் இடம் மாறிவிடும். அதன்பிறகு இரும்பு கரைந்து துத்தநாகத்தைக் காக்கும். எங்கள் தொட்டியில் பீங்கான் பூச்சு வெடித்திருந்த இடங்களில் அதுதான் நடந்திருக்கிறது. கடலில் இது ஒருக்காலும் நடக்காது, கடல் சுடுவதில்லை.

இதைச் சொன்னபோது அருளப்பு அண்ணை, "கடல் அவ்வளவு சுட்டால் நாங்கள் வலையை விட்டிட்டு அகப்பையோடயெல்லோ போவம்," என்றார். சிரிக்கவில்லை. அவருக்கு மனவருத்தம். பிழை அவருடையதல்ல. அவருக்குத் தெரிந்தது கடல். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எழுபதில் வைத்ததும் நான்தான், அம்மாவின் முழங்காலுக்கு நல்லதென்று.

வவுனியாவுக்குப் பதில் கொடுக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இந்தமுறை உங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

சுகந்தி


பேர்கன்,
23.05.2025

சுகந்திக்கு,

சுகம் விசாரிக்கிற முகம் எனக்கு இல்லை. நேரே எழுதுகிறேன்.

காதில் சீழ் வரவில்லை. விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுக்கிற வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர். மூன்று பேர். பிறகு நான் வரிசையை விட்டு வெளியே வந்து பஸ் ஏறினேன். ரிக்கற் இருவழி. பதினான்கு நாள். நீ கேட்டாய், நான் பதில் எழுதவில்லை.

நிரந்தரமாக நான் வரமாட்டேன். எனக்குப் போன வருடமே தெரியும். அப்பாவின் அடக்கத்துக்கு வந்தபோது காது இவ்வளவு மோசமில்லை. அப்போதே அம்மா சொன்னதில் பாதி கேட்கவில்லை. கேட்ட மாதிரித் தலையாட்டினேன். அவவுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, வாய் அசைவதைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்ட இரண்டு கிழமைக்கு என்னால் ஏலும். அவவின் கடைசிக் காலம் முழுக்க ஏலாது. அவ ஒருநாள் ஏதோ கேட்பா, எனக்கு விளங்காது. வேறு காரணமும் இருக்கலாம். முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு ஆளுக்கு எந்தக் காரணம் உண்மையென்று தெரியாமல் போகிறது. கீசரை நான் வருவதற்காக அனுப்பவில்லை, வராமல் இருப்பதற்காகத்தான் அனுப்பியிருக்கிறேன் போல.

நீ எழுதியதை மூன்றுதரம் வாசித்தேன். ஐசுக்குள் கை வைத்துக்கொண்டு நின்ற காலமெல்லாம் நான்தான் கம்பி, நீங்கள் தொட்டி என்று நினைத்திருந்தேன். உனக்கு அப்போது பதினாறு வயது. அது எப்போது மாறிற்று என்று நான் கவனிக்கவில்லை.

தர்சனிடம் சொல்லிப் புதுத் தொட்டி ஒன்று போடு. கம்பி எது என்று நீயே தெரிவு செய். நான் இனி வாய் திறக்க மாட்டேன். வவுனியாவை என்ன செய்யப் போகிறாய்?

எமில்


ஊர்காவற்றுறை,
29.05.2025

அன்பின் அண்ணைக்கு,

உவமைகள் வேண்டாம். நான் தொட்டியுமில்லை, நீங்கள் கம்பியுமில்லை. எங்களுக்கு வாய் இருந்தது. இருவரும் அதைத் திறந்து சொல்லவில்லை.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். வந்தால் போவேன், வராவிட்டால் போகமாட்டேன் என்று ஜனவரியில் எழுதினேன். அதை எழுதும்போது நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குப் பாதிக்கு மேல் தெரியும். போகாமல் இருப்பதற்கு உங்கள் பெயரில் ஒரு காரணம் கிடைக்கும் என்பதும் தெரியும். புது ஊரில், இருபது வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால், நாற்பத்தொன்பது வயதில் போய் நிற்கப் பயமாக இருந்தது. அதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

இன்று பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டேன். உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டவேண்டும் என்று நினைத்து, பத்தேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா கிணற்றடியில் இருந்தார். பக்கத்தில் கறுப்பு வாளி, தண்ணீர் சுட வெயிலில். அதிலிருந்து அள்ளிக் குளித்துக்கொண்டிருந்தார்.

கீசர் பழுதானதால் இப்படிச் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிமெந்தில் வாளியின் வட்டம் தேய்ந்து பதிந்திருந்தது. அது இரண்டு கிழமை வட்டம் இல்லை.

"எப்ப தொடக்கம் அம்மா?"

"என்ன எப்ப தொடக்கம்? நான் எப்பவும் இப்பிடித்தான் குளிக்கிறனான். உந்தப் பெட்டித் தண்ணி மணக்கும்."

"ரண்டு வருசமா நான் விடிய எழும்பிச் சுவிச்சைப் போடுறன். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"நீ ஆசையாப் போட்டிட்டுப் போறாய். அவனும் அங்கையிருந்து அனுப்பினவன். நான் என்னத்தைச் சொல்ல? சுடுதண்ணி வேணுமோ எண்டு ரண்டு பேரும் என்னைக் கேட்டனீங்களோ?"

தண்ணீர் ஓடாமல் தேங்கிக் கிடந்தால் அந்த முட்டை மணம் கூடும். ஜனவரியிலேயே அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் துவாயைப் பார்த்து முடிவுக்கு வந்திருக்கிறேன்.

தலையைத் துவட்டிய பிறகு கடிதத்தை வாசித்தேன். வரிசையில் நின்ற இடத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். வாசித்து முடிய துவாயை மடித்து மடியில் வைத்தார். பிறகு பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கு ஒரு சொல்லும் கேட்காமல் போகக்கூடாது.

"அவன் வரேல்லை, அம்மாவுக்கு முன்னால ஏலாதாம். நீ போகேல்லை, அம்மாவை விட்டிட்டு ஏலாதாம். எனக்குத் தெரியாமல் நானெல்லோ ரண்டு பேருக்கும் சாட்டு! அருளப்புவின்ர தமக்கை மேரிஜோசபின் தனியத்தானே கிடக்கிறாள். மாசி மாசமே கேட்டவள், உங்களோட வந்து படுக்கட்டோ பெரியம்மா எண்டு. நீ இருக்கிறாயெண்டு வேண்டாமெண்டனான். அவனுக்கு எழுது. எனக்கும் இப்ப பாதிதான் கேக்குது. பதினாலு நாளும் நாள்தான். ரண்டு செவிடும் இருந்து மீன் தின்னலாம். சுடுதண்ணிப் பெட்டியைப் புதுசாப் போடு. எனக்கில்லை, அவனுக்கு. ஐசில நிண்ட கை."

எழுந்து மேரிஜோசபினின் வீட்டுப் பக்கம் போய்விட்டார்.

நாளை மே முப்பது. படிவம் மேசையில் இருக்கிறது. இரண்டுதரம் பேனையை எடுத்தேன். ஒருதரம் இறங்குதுறை மட்டும் நடந்து, காரைநகர்ப் பாதைப் படகு போய் வருவதைப் பார்த்துவிட்டு வந்தேன். கையெழுத்துப் போடுவேனா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. இதை அனுப்பாமல் வைக்கிறேன். நாளை நடப்பதையும் சேர்த்து எழுதுவேன்.


30.05.2025, பின்னேரம்

நடந்தது இது.

காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினேன். படிவம் கைப்பைக்குள். வேலணையில் யாரோ மூட்டை ஏற்ற பஸ் கொஞ்ச நேரம் நின்றது. பையை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். சாரதி அந்த நேரம் பஸ்ஸை எடுத்துவிட்டதால் கடைசி எழுத்துக் கோணலாகப் போயிற்று. திருத்தவில்லை. யாழ்ப்பாணத்தில் கல்வி அலுவலகத்தில் வரிசையில் நின்று பத்து இருபதுக்குக் கொடுத்தேன். வாங்கிய பெண் திகதியைப் பார்த்துவிட்டு, "கடைசி நாள் மட்டும் பாத்துக்கொண்டு இருந்தனீங்களோ?" என்றார். ஓம் என்றேன். முத்திரை குத்தினார்.

பிறகு தர்சனோடு ஹாட்வெயார் கடைக்குப் போனேன். தொட்டி அடுத்த வியாழன் வரும். வெப்பத்தை ஐம்பத்தைந்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று எழுதியே கொடுத்தேன். கம்பி என்றதும் அவர் அலுமினியத்தை எடுத்து வைத்தார். எங்கள் தண்ணீருக்குப் புத்தியான தெரிவு அதுதான்.

"மகனீசியம் தாங்கோ," என்றேன்.

"ரீச்சர், அது வருசத்துக்கு ஒருக்காத் திறந்து மாத்த வேணும். நீங்களும் வவுனியாவுக்குப் போறியள். ஆர் திறக்கிறது?"

"அண்ணை."

"அவர் எங்கை?"

"நோர்வேயில."

தர்சன் என்னை ஒருதரம் பார்த்தார். "அப்ப எத்தினை வருசத்துக்குப் பாக்கிறியள்?"

"ஒரு வருசத்துக்கு," என்றேன். பிறகு, அடுத்த முறை மாற்றுவதற்கென்று இன்னொன்றும் வாங்கினேன். அதைத் திறக்கிற ஸ்பானரும்.

வீட்டுக்கு வந்து இரண்டாவது கம்பியை அம்மாவிடம் கொடுத்தேன். கையில் தூக்கிப் பார்த்து, "இதென்ன, பாரமே இல்லை," என்றார். அது அப்படித்தான் இருக்கும் என்றேன். தாளில் சுற்றி, ஸ்பானரோடு உங்கள் அறை அலுமாரியின் மேற்தட்டில், என் புத்தகங்கள் இருந்த இடத்தில் வைத்துப் பூட்டினேன். நீங்கள் வருவீர்களா என்பது எனக்குத் தெரியாது. அம்மா அலுமாரித் திறப்பைக் கேட்டு வாங்கி, சேலையில் முடிந்துகொண்டு, வெயில் இறங்குவதற்கு முன் வாளியை எடுக்கக் கிணற்றடிக்குப் போனார்.

சுகந்தி